27 மாணவர்கள், ஒரு வகுப்பறை, உலக நீதிமன்றம்

"நாம ஒருத்தர் மாறி என்ன ஆகப் போகுது?"

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால் வகுப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவருக்கு அக்கறை இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. பல சமயம் அதிகமாகக் கவலைப்படுகிறவர்தான் இப்படிச் சொல்கிறார்.

2021-ஆம் ஆண்டு லான்செட் குழுமத்தின் இதழ் ஒன்றில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. இந்தியா உள்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள 10,000 பேரிடம் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டிருந்தார்கள். மிகவும் கவலையாக இருக்கிறது என்றவர்கள் 59 சதவீதம். எதிர்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றவர்கள் 75 சதவீதம். மனித குலத்துக்கு இனி அழிவுதான் என்று எண்ணியவர்கள் 56 சதவீதம். நம் வயதுக்காரர்களில் பாதிக்கும் மேல்!

ஆக, கவலைக்குப் பஞ்சம் இல்லை. அப்புறம் எதுதான் குறைகிறது? மாற்றம் என்பது எப்படி நடக்கிறது என்று நாம் மனதுக்குள் வைத்திருக்கும் கணக்கில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. இதை வெறும் தத்துவமாகப் பேசினால் தூக்கம் வந்துவிடும். அதனால் பசிபிக் கடலில் நடந்த ஒரு உண்மைக் கதையை வைத்துச் சொல்கிறேன். அதில் கதாநாயகர்கள் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள்தான்.

மூன்று விதமான நம்பிக்கை

கதைக்கு முன்னால் ஒரு சின்ன வகைப்பாடு.

முதல் வகை, "எதுவும் மாறாது". பெரிய நாடுகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் இருக்கும் வரை ஒன்றும் நடக்காது என்பது இவர்கள் கட்சி.

இரண்டாம் வகை, "தானாக மாறிவிடும்". விஞ்ஞானிகள் ஏதாவது கண்டுபிடிப்பார்கள், மின்சாரக் கார் வந்துவிடும், சூரிய மின்சாரம் மலிவாகிவிடும், கவலையை விடு என்பது இவர்கள் கட்சி.

பார்த்தால் எலியும் பூனையும் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு பேரும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான். சும்மா உட்கார்ந்திருப்பது. முன்னவருக்குச் செய்து பயனில்லை, பின்னவருக்குச் செய்ய அவசியமில்லை.

மூன்றாம் வகை, "மாற்றலாம், ஆனால் யாராவது போய்த் தள்ள வேண்டும்". இந்த வகையினர்தான் வேலை செய்கிறார்கள். இவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. எங்கே போய்த் தள்ளுவது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்து இளைஞர்களும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தார்கள்.

"சொன்னால் கேட்பார்கள்"

1992 ஜூன் மாதம் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஐ.நா. புவி உச்சி மாநாடு நடந்தது. கனடாவின் வான்கூவரில் இருந்து செவர்ன் சுசுகி என்ற 12 வயதுச் சிறுமி அங்கே வந்து பேசினாள். அவளும் தோழிகளும் சேர்ந்து சிறுவர்களுக்கான சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். பயணத்துக்கான பணத்தையும் தாங்களே திரட்டினார்கள். சில நிமிடப் பேச்சுதான், ஆனால் கூடியிருந்த பெரியவர்களை அது உலுக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பருவநிலை மாற்றம் குறித்த ஐ.நா. உடன்படிக்கையும் அந்த மாநாட்டில்தான் கையெழுத்துக்கு வந்தது. பிறகு என்ன ஆனது? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்றவற்றால் உலகம் வெளியேற்றிய கரியமில வாயு 1990-ல் சுமார் 2,300 கோடி டன். 2024-ல் அது 3,700 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கைதட்டல் மட்டும் மிச்சம்.

"கூட்டம் கூடினால் கேட்பார்கள்"

2018 ஆகஸ்ட் 20 அன்று ஸ்வீடன் நாட்டின் 15 வயது மாணவி கிரேட்டா துன்பர்க் பள்ளிக்குப் போகாமல் ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு அட்டையோடு உட்கார்ந்தார். தனி ஆளாக. ஏழே மாதத்தில், 2019 மார்ச் 15 அன்று, உலகம் முழுவதும் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். செப்டம்பரில் அது இன்னும் பல மடங்கு ஆனது. 2020-ல் கொரோனா வந்தது. வீதிகள் காலியாகின.

கிரேட்டாவின் போராட்டம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பருவநிலை மாற்றத்தை வீட்டுக்கு வீடு பேசவைத்தது அதுதான். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பத்து லட்சம் பேர் வீதிக்கு வந்த அதே 2019 மார்ச் மாதம், உலகத்தின் இன்னொரு மூலையில் வெறும் 27 பேர் இதற்கு வேறொரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வனுவாட்டு: ஒரு வகுப்பறை

சரி, கதைக்கு வருவோம்.

வனுவாட்டு என்பது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நாடு. 80-க்கும் மேற்பட்ட தீவுகள், மூன்று லட்சத்துச் சொச்சம் மக்கள். 1980-ல்தான் சுதந்திரம் பெற்றது. உலகத்தின் மொத்தக் கரியமில வாயுவில் அதன் பங்கு கணக்கில் சேர்க்கும் அளவுக்குக்கூட இல்லை. ஆனால் அடி வாங்குவதில் முதல் வரிசை. 2015 மார்ச்சில் வந்த பாம் புயல் நாட்டின் ஓராண்டு வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்ட மதிப்புக்குச் சேதத்தை உண்டாக்கியது.

அந்நாட்டின் தலைநகர் போர்ட் விலாவில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி வளாகம் இருக்கிறது. பல தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும் பல்கலைக்கழகம் இது. பருவநிலை மாற்றத்துக்குச் சட்டத்தின் வழியாக என்ன செய்ய முடியும், எது மிகத் துணிச்சலான வழி என்று தேடுவதுதான் அங்கே மாணவர்களுக்குத் தரப்பட்ட வேலை. நமக்கு அசைன்மென்ட் கொடுப்பார்களே, அது மாதிரிதான். நாம் என்றால் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம் :-)

எட்டு தீவு நாடுகளைச் சேர்ந்த அந்த 27 பேர் மறக்கவில்லை. பருவநிலை மாற்றத்தை எதிர்த்துப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள் என்ற பெயரில் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்திடம் ஒரு ஆலோசனைக் கருத்தைப் பெறுவது அவர்கள் திட்டம். பருவநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது, கடமை தவறினால் என்ன விளைவு என்று நீதிமன்றமே சொல்ல வேண்டும்.

ஏன் ஆலோசனைக் கருத்து? இங்கேதான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டுமானால், அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை எதிர்த்தரப்பும் ஏற்றிருக்க வேண்டும். பெரிய நாடுகளை அப்படி இழுப்பது குதிரைக் கொம்பு. ஆனால் ஐ.நா. பொதுச் சபை ஒரு சட்டக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் யாருடைய சம்மதமும் தேவையில்லை. பொதுச் சபையில் அமெரிக்காவுக்கும் ஒரு ஓட்டு, வனுவாட்டுக்கும் ஒரு ஓட்டு. சின்னவனும் பெரியவனும் சமமாக நிற்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று. தள்ள வேண்டிய இடத்தை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஏற்கெனவே தோற்ற யோசனை

ஒரு முக்கியமான விஷயம். இந்த யோசனை புதிதல்ல. 2011 செப்டம்பரில் பலாவு நாட்டின் அதிபர் ஜான்சன் டோரிபியோங் ஐ.நா. பொதுச் சபையில் இதையேதான் அறிவித்தார். மார்ஷல் தீவுகளும் கூட நின்றது. ஆனால் பெரிய நாடுகளின் எதிர்ப்பு, போதிய ஆதரவின்மை என்று அந்த முயற்சி வாக்கெடுப்பு வரைகூடப் போகாமல் நின்றுபோனது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டின் அதிபர் முயன்று முடியாத காரியம். அதை இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். "எதுவும் மாறாது" கட்சிக்காரர் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதிபராலேயே முடியலை, உனக்கு எதுக்கு இந்த வேலை என்றுதான். தர்க்கப்படி பார்த்தால் அது தப்பான பேச்சும் இல்லை.

மாணவர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவர்கள் செய்த வேலையே காட்டுகிறது. யோசனை தப்பில்லை, சேர்ந்த கூட்டம்தான் போதவில்லை. ஆகவே கூட்டம் சேர்ப்போம்.

கடிதத்தில் தொடங்கிய பயணம்

முதலில் பசிபிக் தீவு நாடுகளின் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்போது வனுவாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்த ரால்ஃப் ரெகென்வானு அவர்களுக்குக் காது கொடுத்தார். 2019 ஆகஸ்டில் துவாலு நாட்டில் நடந்த பசிபிக் தீவுகள் மன்றத்தின் கூட்டத்துக்கு விஷயம் போனது. அங்கே கிடைத்தது முழு ஆதரவு அல்ல, யோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது என்று கூட்டறிக்கையில் ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

2020-ல் கொரோனா எல்லைகளை மூடியது. அதே ஏப்ரலில் ஹெரால்ட் புயல் வனுவாட்டைத் தாக்கியது. வேறு யாராவது என்றால் கடையைக் கட்டியிருப்பார்கள். அந்த ஆண்டிலேயே மற்ற கண்டங்களின் இளைஞர்களும் சேர்ந்து பருவநிலை நீதிக்கான உலக இளைஞர்கள் என்ற அமைப்பு உருவானது. 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு இந்த முயற்சியை அதிகாரபூர்வமாக ஏற்று அறிவித்தது.

அப்புறம் தீர்மானத்தின் வாசகத்தை எழுத 18 நாடுகள் கொண்ட ஒரு குழு அமைந்தது. வங்கதேசம், ஜெர்மனி, உகாண்டா, சிங்கப்பூர், கோஸ்டா ரிகா என்று எல்லாக் கண்டங்களும் அதில் இருந்தன. 2011-ல் இல்லாதது இதுதான். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று சொல்வார்களே, அதற்கு முதலில் வடத்தைப் பிடிக்க ஆள் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் நான்கு ஆண்டுகள்.

2023 மார்ச் முதல் வாரத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் சில நாள் இடைவெளியில் வனுவாட்டை அடுத்தடுத்துத் தாக்கின. அந்த மாதம் 29-ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் வந்தது. 132 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை, ஒருமித்து நிறைவேறியது.

தி ஹேக்

2024 டிசம்பர் 2 முதல் 13 வரை விசாரணை. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதாடின. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றிலேயே இத்தனை பேர் கலந்துகொண்ட வழக்கு வேறு இல்லை. முதல் நாளே வனுவாட்டு அணியில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த சின்தியா ஹௌனியுஹி பேசினார். 2019-ல் அந்த 27 மாணவர்களில் ஒருவர்.

இந்தியாவும் வாதாடியது. பருவநிலை கெட்டதற்குப் பணக்கார நாடுகளின் பழைய உமிழ்வுகளே முக்கியக் காரணம், ஏற்கெனவே உள்ள உடன்படிக்கைகளைத் தாண்டிப் புதிய கடமைகளை நீதிமன்றம் சுமத்தக் கூடாது என்பது நம் அரசின் நிலை. முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது பாதியைப் பற்றி நாம்தான் விவாதிக்க வேண்டும்.

2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் தன் கருத்தை ஒருமனதாக வெளியிட்டது. சாரம் இதுதான். பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, விருப்பம் அல்ல. புவியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துவதே இலக்கு. நிலக்கரி, எண்ணெய் எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூடச் சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலாகக் கருதப்படலாம். மீறிய நாடு, பாதிக்கப்பட்ட நாட்டுக்கு ஈடு செய்ய வேண்டி வரலாம்.

ஒரு அசைன்மென்ட் ஆறு ஆண்டுகளில் போய்ச் சேர்ந்த இடம்.

"சரி, அதனால என்ன லாபம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. அதை மீறினால் பிடித்துப் போகப் போலீஸ் கிடையாது. விசாரணை நடந்த 2024-தான், சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு. ஒரு கருத்து வந்ததால் கடல் பின்வாங்கிவிடாது.

ஆனால் கட்டுப்படுத்தாத கருத்துக்கும் கனம் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை பிரிட்டன் மொரீஷியஸிடம் திருப்பித் தர வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் இதே நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது. பிரிட்டன் முதலில் சட்டை செய்யவில்லை. 2025 மே மாதம், தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் அதே பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

எல்லா முயற்சியும் ஜெயித்துவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2015 ஆகஸ்டில் 21 சிறுவர்களும் இளைஞர்களும் தங்கள் மத்திய அரசின் மீது ஜூலியானா வழக்கைத் தொடுத்தார்கள். பத்து ஆண்டு இழுபறி. ஒரு நாள்கூட முழு விசாரணை நடக்காமல் 2025 மார்ச்சில் முடிந்துபோனது. ஆனால் அந்த வழக்கை நடத்திய அதே சட்ட அமைப்பு மான்டனா மாநிலத்தில் 16 பேருக்காக 2020-ல் வேறொரு வழக்குப் போட்டது. அங்கே ஒரு வசதி இருந்தது. தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் மக்களின் உரிமை என்று அம்மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. 2023 ஆகஸ்டில் இளைஞர்கள் வென்றார்கள். 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. நம்பிக்கை இரண்டு வழக்கிலும் ஒன்றுதான், கதவுதான் வேறு.

கதை சொல்லும் பாடம்

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளில் இருந்தும் கொஞ்சம் வருகிறது. ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் என்றார். பிற்பாடு, தனி மனிதனுக்கு இருப்பது போலவே ஒரு குழுவுக்கும் இந்த நம்பிக்கை உண்டு என்று அதை விரிவாக்கினார்.

நாம் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். முதலில் நம்பிக்கை வரட்டும், பிறகு செயல்படலாம் என்று காத்திருக்கிறோம். அந்த 27 பேரும் 2019-லேயே தி ஹேக் வரை போவோம் என்று உறுதியாக நம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கடிதம் எழுதினால் ஒரு அமைச்சராவது படிப்பார் என்று நம்பினால் போதும். அவர் படித்தார். அது அடுத்த படிக்கான தெம்பைக் கொடுத்தது. கூட்டறிக்கையின் ஒரு வரி அதற்கடுத்த படிக்கு. உலகமே மாறும் என்ற பெரிய நம்பிக்கை கடன் மாதிரி, எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. அடுத்த படி ஏற முடியும் என்ற சின்ன நம்பிக்கை கையிருப்பு மாதிரி, உடனே செலவழிக்கலாம்.

இன்னொன்று, காலக் கணக்கு. கடல் மட்டம் உயர்வதால் வரும் இழப்புக்கு நிதி வேண்டும் என்று தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு முதன்முதலில் கேட்டது 1991-ல். அப்படி ஒரு இழப்பு நிதியை ஏற்படுத்த உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2022 நவம்பரில், எகிப்தில் நடந்த மாநாட்டில். 31 ஆண்டுகள்! கேட்டபோது, அந்த 27 பேரில் பெரும்பாலோர் பிறந்திருக்கவே மாட்டார்கள். "ஒன்றும் மாறவில்லை" என்று நாம் எத்தனை ஆண்டுகளை வைத்துச் சொல்கிறோம்? ஒரு செமஸ்டரை வைத்தா?

அதற்காகப் பொறுமையாக இருங்கள் என்று தீவு மக்களிடம் யாரும் உபதேசம் செய்யவும் முடியாது. மாற்றம் மெதுவாக வருகிறது, கடல் காத்திருப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஊர்கள் மூழ்கும் என்பதுதான் உண்மையான கணக்கு. அதனால்தான் தாமதிக்காமல் தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி யாராவது "நாம ஒருத்தர் மாறி என்ன ஆகப் போகுது" என்று கேட்டால் அவரோடு சண்டை போட வேண்டாம். அவர் சொல்வதில் பாதி சரி. ஒருத்தர் மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகாதுதான். 27 பேர் சேர்ந்து, சரியான கதவைத் தேடி, ஆறு ஆண்டுகள் விடாமல் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் நம்மிடம் இப்போது பதில் இருக்கிறது.

நம் வகுப்பில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள்.